எழுந்த கோழியை எங்கே மாட்டினேன்

நான் ஓய்வுபெற்று எட்டு மாதமாகிறது. ஆனால் கோழி ஆலையின் நீல அறைச் சுவரில் இன்னும் என் பெயர் தொங்குகிறதாம். போன வாரம் நிஷாந்தினி போன் செய்து சொன்னாள். அவள் அங்கே விலங்கு நல அதிகாரி. நான் கிளம்பும்போதுதான் வேலைக்குச் சேர்ந்தாள்.

"அங்கிள், பழைய போர்டு எல்லாத்தையும் புதுசா மாத்துறோம். ஒரு வரியில மட்டும் உங்க பேரு இருக்கு. 'எழுந்த கோழி: செல்வராஜூ'ன்னு. அதுக்கு இப்ப யாரு பேரப் போடுறது? சும்மா 'பணியாளர்'னு போட்டா போதுமா லா?"

போதாது என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்ல முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆலையில் பல வருடம் அறிக்கை எழுதியவன்தான். ஆனால் அதெல்லாம் மலாயில், கட்டம் போட்ட தாளில். இப்படி உட்கார்ந்து எழுதியதில்லை.

ஆலையின் பெயர் வேண்டாம். ஜெலாப்பாங்கைத் தாண்டி சுங்கை சிப்புட் போகும் வழியில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் கட்டியது. பின்பக்க வேலியோரம் தோட்டத்துக் காலத்து முனியாண்டி கல் ஒன்று அப்படியே இருக்கிறது. புல்டோசர் அதை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. நான் சேர்ந்த புதிதில் லாரியிலிருந்து கூடை இறக்கினேன். பிறகு பல வருடம் நீல அறையில் கோழி மாட்டினேன். மலாய் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் சோதனை வேலைக்கு மாற்றினார்கள். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள இவ்வளவுதான்.

நீல அறையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கோழிக்கு நீல வெளிச்சத்தில் கண் சரியாகத் தெரியாது. தெரியாததால் அடங்கிவிடும். ஆயிரக்கணக்கில் கூடையில் இருக்கும், சத்தமே இருக்காது. நாங்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று, ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, தலைக்கு மேல் ஓடும் சங்கிலியின் கொக்கியில் மாட்டுவோம். எல்லார் முகமும் நீலமாக இருக்கும். பேசினால் கோழி கலவரப்படும் என்பதால் பேசக் கூடாது. யாராவது தெரியாமல் கதவைத் திறந்து வெள்ளை வெளிச்சம் உள்ளே வந்துவிட்டால், அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிக் கத்தும். கதவை மூடியதும் ஒரே நேரத்தில் நிற்கும். பல வருடம் அங்கே நின்றவன் நான். அந்தச் சத்தம் நிற்கும் கணம் மட்டும் எனக்குப் பழகவே இல்லை.

அறையின் மறுபக்கம் தடித்த பிளாஸ்டிக் திரை. கொக்கிகள் அதைத் தாண்டி வெளியே போகும். வழியில் கோழியின் நெஞ்சு உரசிக்கொண்டே வர ஒரு வழவழப்பான பலகை வைத்திருப்போம். நெஞ்சில் ஏதோ பட்டுக்கொண்டிருந்தால் அது இறக்கையை அடிக்காது. அரை நிமிடம் அப்படியே அமைதியாகப் போகும். பிறகு மயக்கத் தொட்டி. தண்ணீரில் மின்சாரம். தலை முங்கியதும் மயக்கம். அதைத் தாண்டிக் கத்தி. பிறகு ரத்தம் வடியும் நீண்ட பாதை. கடைசியில் அடுத்த கட்டடத்தில் வெந்நீர்த் தொட்டி, இறகு பிடுங்கும் இயந்திரம்.

வெட்டுகிறவர்கள் முஸ்லிம்கள் மட்டும்தான். அவர்களுக்குத் தலைவர் காதர் நானா. தமிழ் முஸ்லிம். பத்து காஜாவில் வீடு. மகன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். நானா அவனுக்குக் கல்லாவில் உட்காராமல் இங்கே நின்றார். முன்னால் மூன்று பேர் வெட்டுவார்கள். நானா கடைசிக் கத்தி. முன்னால் இருப்பவர்கள் தவறவிட்டதை, சரியாக அறுபடாததை அவர் பார்த்து அறுப்பார். அவரைத் தாண்டினால் அப்புறம் வெந்நீர்தான்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாம் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குத் திட்டே வாங்கிவிடலாம். கத்தியைப் பின்னாலிருந்த சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் தீட்டுவார். கோழி பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது. "கோழிக்கு என்ன நானா தெரியப்போகுது?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். "எனக்குத் தெரியுமே" என்றார்.

இனி சோதனை. இதுதான் விஷயம். மயக்கம் என்றால் மயக்கம் மட்டும்தான், மின்சாரத்தில் கோழி செத்துவிடக் கூடாது. செத்த கோழியை அறுத்தால் ஹலால் இல்லை. மயக்கம் போதாவிட்டால் கத்தி படும்போது கோழிக்குத் தெரியும். அது கொடுமை. இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, மயக்கத் தொட்டியிலிருந்து வந்த ஒரு கோழியைக் கத்திக்கு முன்னால் எடுத்துக் கீழே வைத்து, எழுகிறதா என்று பார்ப்பது.

ஒரு ஷிப்டுக்கு மூன்று தடவை. காலை ஆரம்பத்தில், பத்து மணித் தேநீருக்குப் பிறகு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நானா கொக்கியிலிருந்து ஒன்றை எடுத்துத் தருவார், சோதனை முடியும்வரை முன்னால் வெட்டுகிறவர்களில் ஒருவன் அவருக்கு மாற்றாளாக நிற்பான். நான் அதைக் கறுப்பு ரப்பர் பாயில் பக்கவாட்டில் கிடத்துவேன்.

"எண்ணுப்பா" என்பார்.

நான் சத்தமாக எண்ணுவேன். முதலில் கழுத்து வளைந்து விறைத்திருக்கும். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. விரலைக் கொண்டுபோனால் இமை மூடாது. முப்பதைத் தாண்டும்போது மூச்சு வரும். பிறகு கால் விரல்கள் மெதுவாக மடங்கி விரியும். நான் கால் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், உயிர் அங்கேதான் முதலில் திரும்பும். தலை ஆடும். பெரும்பாலும் எண்பதுக்கும் நூறுக்கும் நடுவில் எழுந்து நின்றுவிடும். ரொம்பச் சீக்கிரம் எழுந்தால் மின்சாரத்தைக் கூட்டுவோம். எழவே இல்லையென்றால் சங்கிலியை நிறுத்துவோம்.

எழுந்த கோழி ஓடாது. கத்தாது. நின்ற இடத்திலேயே நிற்கும், கழுத்தைத் திருப்பி, தான் வந்த பிளாஸ்டிக் திரைப் பக்கமே பார்க்கும். எல்லாக் கோழியும் அந்தப் பக்கம்தான் பார்க்கும். பாயை மாற்றிப் போட்டுக்கூடப் பார்த்தேன். அப்போதும் திரும்பி அங்கேதான் பார்த்தது.

அதன் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுந்த கோழியை நீல அறைக்கு எடுத்துப்போய், முதலிலிருந்து மாட்ட வேண்டும். நானும் பல வருடம் அப்படித்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மாட்டுகிறவள் பாக்கியம்.

பாக்கியத்துக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். நீல அறையில் அவள்தான் தலைவி. கை அவ்வளவு சுத்தம், ஒரு நாளைக்கு அத்தனை ஆயிரம் மாட்டினாலும் ஒரு கால் உடையாது. அவள் மகன் மோட்டார்சைக்கிளில் போய் லாரியில் அடிபட்டு, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான். ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். முதல் நாளே நான் எழுந்த கோழியைக் கொண்டுபோய் நீட்டினேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், யோசிக்கவே இல்லை.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நீல வெளிச்சத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை.

"வேணாண்ணே. இத என்கிட்ட குடுக்காதீங்க."

"ஏன் தங்கச்சி?"

"ஒன்பதாவது நாளு கண்ணு முழிச்சான்ணே. என்னையே பாத்தான். டாக்டருங்க எல்லாம் நல்லா ஆயிரும்னு சொன்னாங்க. மறுநாளு போயிட்டான். இதுவும் போயிட்டுத்தானே வந்திருக்கு? திரும்ப நான் அனுப்ப மாட்டேன் லா. நீங்க வேற என்ன வேணாலும் சொல்லுங்க, செய்யுறேன்."

அந்த அறையில் பேசக் கூடாது என்றேன் அல்லவா? எல்லாரும் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வேறு யாரும் கை நீட்டவில்லை. வரிசையில் நின்ற நேப்பாளத்துப் பையன்களுக்குத் தமிழ் புரியாது, ஆனால் அவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். கோழியைக் கையில் வைத்துக்கொண்டு நான் முட்டாள் மாதிரி நின்றேன்.

என்ன செய்தேன் என்றால், திரையைத் தாண்டி வெளியே வந்து, மயக்கத் தொட்டிக்கு இரண்டு எட்டு முன்னால் காலியாக வந்த கொக்கியில் நானே மாட்டிவிட்டேன். பாக்கியத்தின் மனசு நோகாது. கோழிக்கும் மறுபடி அந்த அறை, காத்திருப்பு, பலகை எல்லாம் வேண்டாம், பாவம், சீக்கிரம் முடியட்டும். அப்படித்தான் நினைத்தேன். என்னைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அன்றிலிருந்து அதையே வழக்கமாக்கினேன். விதியில் இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை.

சிவப்புக் கோழி வர ஆரம்பித்தது அப்போதுதான்.

இறகு பிடுங்கிய கோழி வெளுத்திருக்க வேண்டும். ரத்தம் வடியாமல், உயிரோடு வெந்நீரில் இறங்கிய கோழி மட்டும் தலை முதல் கால் வரை செக்கச்செவேல் என்று வெளியே வரும். கோழித் தொழிலில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. வருடத்தில் எப்போதாவது ஒன்று வரும், ஆலையே கூடிப் பேசும். இப்போது தினமும் வந்தது. சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு. மூன்றைத் தாண்டியதே இல்லை. நூற்றுக்கணக்கான வெள்ளைக் கோழி ஆடிக்கொண்டே வரும், நடுவில் ஒன்று மட்டும் சிவப்பாக வரும். பத்து மணித் தேநீர் முடிந்து கொஞ்ச நேரத்தில் கட்டாயம் ஒன்று என்று வெந்நீர்க் கட்டடத்துப் பெண்கள் கண்டுபிடித்தார்கள். அந்த நேரம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு இயந்திரத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம்.

முனியாண்டி கேட்கிறார் என்று முதலில் யார் சொன்னது என்று தெரியாது. மூன்று நாளில் ஆலை முழுக்க அதுதான் பேச்சு. தோட்டம் இருந்தபோது வருடா வருடம் அவருக்குப் பூசை நடந்தது, ஆலை வந்த பிறகு நின்றுபோனது, அதனால் தன் பங்கை அவரே எடுத்துக்கொள்கிறார் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வேலியோரம் புல்லை வெட்டி, கல்லைக் கழுவி, சுருட்டும் எலுமிச்சம்பழமும் வைத்துக் கும்பிட்டோம். கோழி வைக்கவில்லை. கோழிக்குப் பரிகாரமாகக் கோழியையே அறுப்பதா என்று யாரோ கேட்டதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். நானும் கும்பிட்டேன். மனமுருகித்தான் கும்பிட்டேன். மறுநாள் தேநீர் முடிந்ததும் சிவப்புக் கோழி வந்தது.

மேனேஜர் முனியாண்டியை விசாரிக்கவில்லை, காதர் நானாவை விசாரித்தார். கடைசிக் கத்தி அவர்தானே. தவறினால் அவர்தான் தவற விட்டிருக்க வேண்டும். கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இடது கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது. அந்த வயதில் யாருக்குத்தான் இல்லை? ஆனால் காகிதத்தில் வந்துவிட்டது.

நானா ஒவ்வொரு சிவப்புக் கோழியையும் தன்னிடம் கொண்டுவரச் சொன்னார். கழுத்தை விரித்துப் பார்ப்பார். தோல் மட்டும் கீறியிருக்கும், உள்ளே குழாய் அறுபட்டிருக்காது. தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பேச்சு குறைந்துபோனது. ஒரு நாள் சோதனைக்குக் கோழியை எடுத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"செல்வராஜூ, நான் பாத்துக்கிட்டேதான்ப்பா நிக்கிறேன். ஒண்ணையும் விடல. அப்புறம் எப்புடி என்னையத் தாண்டிப் போவுது?"

"தெரியல நானா."

"வாயில்லாத சீவன உசுரோட சுடுதண்ணியில போட்டிருக்கேன். ஒண்ணா ரெண்டா? நாளைக்கு அங்க போயி நின்னா, என்னைய என்னான்னு கேப்பாங்க?"

குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று பத்து மணிச் சோதனைக்கு வந்த கோழிக்கு வலது காலின் நடுவிரல் கோணல். குஞ்சில் உடைந்து அப்படியே கூடியிருக்க வேண்டும், வெளிப்பக்கமாக வளைந்து நின்றது. நான் கால் விரலைத்தான் பார்ப்பேன் என்று சொன்னேன். அந்தக் கோணல் விரல் மடங்கி விரிவதைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். எண்பத்தாறில் எழுந்தது. திரைப் பக்கம் பார்த்தது. கொண்டுபோய் வழக்கமான இடத்தில் மாட்டினேன். பிறகு மேசைக்குப் போய் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த கட்டடத்திலிருந்து ஆள் வந்தான், சிவப்புக் கோழி வந்திருக்கிறது, நானா ஓய்வறையில் இருக்கிறார், நீங்களாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

போனேன். அந்தப் பெண்கள் அதைத் தொடாமல் தட்டில் தனியாக வைத்திருந்தார்கள். வலது காலின் நடுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

எனக்குக் காது அடைத்துவிட்டது. இயந்திரம் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. எண்பத்தாறு வரை எண்ணி எழுப்பிய கோழி அது. மூன்றைத் தாண்டியதே இல்லை என்று ஊரெல்லாம் பேசினோமே, ஒரு நாளைக்கு மூன்று சோதனைதானே! சிவப்பாக வந்தது அத்தனையும் என் பாயிலிருந்து எழுந்து போனவை. முனியாண்டி ஒன்றையும் கேட்கவில்லை. நான்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து எல்லாம் சங்கிலி மாதிரி வந்தது. வெளிச்சத்தில் புதிதாக மாட்டிய கோழி அடங்குவதற்கு அரை நிமிடமாவது வேண்டும். நான் இரண்டு எட்டுதான் கொடுத்தேன். அது இறக்கையை அடித்துத் தலையைத் தூக்கிக்கொண்டே மயக்கத் தொட்டியைத் தாண்டியிருக்கிறது, தண்ணீர் படவே இல்லை. துடிக்கிற கழுத்தில் முன்கத்திகள் கீறியதோடு சரி. கடைசிக் கத்தி பிடித்திருக்க வேண்டும். ஏன் பிடிக்கவில்லை என்பது மட்டும் எனக்கு அப்போது புரியவில்லை.

இங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன், முதலாவதைவிடப் பெரியதை. வாயைத் திறக்கவில்லை. இனிமேல் ஒழுங்காகச் செய்தால் சிவப்புக் கோழி தானாக நின்றுவிடும், நானாவுக்கும் கெட்ட பெயர் போய்விடும், எனக்கும் வேலை போகாது என்று கணக்குப் போட்டேன். அன்று மதியச் சோதனையிலிருந்து எழுந்த கோழியை நீல அறைக்குள் எடுத்துப்போய், பாக்கியத்தின் பக்கமே பார்க்காமல், வரிசையின் தலைப்பில் நானே மாட்டினேன். நின்றுவிட்டது. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

ஆனால் நான் மாற்றிய அதே மதியம் மேனேஜர் நானாவைக் கடைசிக் கத்தியிலிருந்து எடுத்துவிட்டார். எனக்கு மாலையில்தான் தெரிந்தது. அட்டைப் பெட்டியில் முத்திரை ஒட்டும் வேலைக்குப் போகச் சொன்னார்களாம். நானா கத்தியைத் துணியில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போனார், சிவப்புக் கோழி நின்றது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? மூன்றாவது நாள் கேண்டீனில் எல்லாரும் சொன்னார்கள், "பாவம் நானா, கண்ணு போயிருச்சு லா." நான் தேநீரைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு கோழை அந்தக் கேண்டீனில் உட்கார்ந்திருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து காஜாவுக்குப் போனேன். நானா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். பாக்கியத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

அவர் திட்டவில்லை. மருந்துப் புட்டியை மூடிக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, நான் குனிந்து காதைக் கொடுக்கும்படி, "எங்க மாட்டுன? காட்டு" என்றார்.

எழுந்து முற்றத்துக்கு வந்தார். ரோஜாத் தொட்டியைத் தொட்டு, "இது திரை" என்றார். கேட்டைக் காட்டி, "அது வெந்நீர்க் கட்டடத்துக்குப் போற வாசல்." நடுவில் தண்ணீர்க் குழாய் இருந்தது. "ஆலையில கொழா இருந்த எடத்துலயே இதுவும் இருக்கு பாரு" என்றார். நான் கால் வைத்துப் பாய் இருந்த இடத்தைக் காட்டினேன், மயக்கத் தொட்டி இருந்த இடத்தைக் காட்டினேன், கொக்கி இருந்த இடத்தைக் காட்டினேன்.

"சரி. கோழி எந்திரிச்சிருச்சு. நீ எடுத்துக்கிட்டுப் போ. சங்கிலி போற வேகத்துல நட. நான் என்ன செய்வேனோ அதச் செய்யுறேன்."

நான் கையில் இல்லாத கோழியைத் தூக்கிக்கொண்டு போய், இல்லாத கொக்கியில் மாட்டினேன். பிறகு அந்தக் கோழியாக நடந்தேன். இரண்டு எட்டு. தொட்டி. தொட்டியைத் தாண்டி முன்கத்தி. வெயில் சுள்ளென்று அடித்தது. பின்னால் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சோதனைக் கோழியைத் தொட்ட கையோடு அவர் கத்தியை எடுக்க மாட்டார். மணிக்கட்டு வரை கழுவி, துடைத்து, பிறகுதான் தன் இடத்துக்கு வருவார். மாற்றாளாக நின்றவன் சோதனை முடிந்ததுமே தன் இடத்துக்குத் திரும்பிவிடுவான். நான் நடந்துகொண்டே இருந்தேன். கடைசிக் கத்தியின் இடத்தைத் தாண்டும்போது அங்கே யாரும் இல்லை.

குழாய் நின்றது.

"வந்துட்டுச்சா?" என்று நானா கேட்டார்.

நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "தாண்டிப் போயிட்டேன் நானா" என்றேன்.

ஈரக் கையோடு அப்படியே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மருந்தா, அழுகையா என்று நான் கேட்கவில்லை.

"அப்ப என் கையி தவறல. என் எடம் காலியா இருந்திருக்கு." கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "நாளைக்குப் போயி எழுதிக் குடு. எனக்காக எழுதாத. அதுங்க எல்லாம் எப்புடிச் செத்துச்சுன்னு எங்கயாவது எழுதியிருக்கணும்ல" என்றார்.

எழுதிக் கொடுத்தேன், இரண்டு பக்கம். மேனேஜர் படித்துவிட்டு, பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே, எதற்குக் கிளறுகிறாய், இதைக் கிழித்துப் போடட்டுமா என்று கேட்டார். பூசி மெழுகிவிடலாம் என்று நல்ல மனதோடுதான் கேட்டார். வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் என்னைச் சோதனை வேலையிலிருந்து எடுத்து நீல அறைக்கே திருப்பி அனுப்பினார்கள். நியாயம்தான். நானாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அவர் ஒரே ஒரு ஷிப்டுக்கு மட்டும் வருகிறேன் என்றார். வந்தார். மூன்று சோதனையும் நடந்தது, மூன்று கோழியும் எழுந்தன, மூன்றையும் நான் நீல அறையில் மாட்டினேன். அவர் கடைசிக் கத்தியில் நின்றார். ஒன்றும் சிவப்பாக வரவில்லை. மாலையில் கத்தியைக் கழுவித் துடைத்து, புரையைக் காட்டி, கண் தெரிகிறபோதே நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுந்த கோழியை நீல அறையில் யார் மாட்டுவது என்று அன்று கூட்டம் போட்டுக் கேட்டார்கள். எல்லாரும் மறுபடி கையைக் கட்டிக்கொண்டார்கள். பாக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரால் இது ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியும். நான் அறிக்கையில் அவள் பெயரை எழுதவில்லை என்பதும் தெரியும். நான் மாட்டுகிறேன் என்றேன். அப்படித்தான் என் பெயர் போர்டில் ஏறியது.

ஆறு வருடம் மாட்டினேன். நிஷாந்தினி, நீ கேட்டதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். மற்றக் கோழி உன்னைப் பார்க்காது, நீல வெளிச்சத்தில் அதற்குக் கண் தெரியாது என்று படித்திருப்பாய். எழுந்த கோழி பார்க்கும். கையில் எடுத்ததும் உடம்பைத் தளர்த்திவிட்டு முகத்தையே பார்க்கும். இதற்கு விளக்கம் எனக்குத் தெரியாது. மாட்டிய பிறகு நெஞ்சில் பலகை படும்வரை காலை விடாமல் கூடவே நடப்பேன். அது திரையைத் தாண்டும்வரை மனதுக்குள் எண்ணுவேன். அந்த ஆறு வருடத்தில் என் கையிலிருந்து போன ஒன்றும் சிவப்பாக வரவில்லை. அதனால்தான் 'பணியாளர்' என்று போடாதே என்றேன். பணியாளர் என்றால் யாரோ ஒருவர். யாரோ ஒருவர் பக்கத்தில் எந்தக் கொக்கி காலியோ அதில்தான் மாட்டுவார். நான் அப்படித்தான் செய்தேன்.

இதுவரை எழுதியதை நிஷாந்தினிக்கு அனுப்பி நான்கு நாள் ஆகியும் பதில் இல்லை. இன்று காலை ஒரு படம் மட்டும் வந்தது. புதுப் போர்டு. அந்த வரியில் அச்சில் எதுவும் இல்லை, காலியாக விட்டிருந்தார்கள். அதில் மார்க்கர் பேனாவால், கோணல்மாணலான எழுத்தில், 'பாக்கியம்' என்று எழுதியிருந்தது.

பதினொரு மணிக்குப் பாக்கியமே கூப்பிட்டாள். வேலைக்கு நடுவில் ஓடி வந்திருப்பாள் போல, பின்னால் கேண்டீன் சத்தம் கேட்டது.

"அண்ணே, அந்தப் பொண்ணு நீங்க எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டுச்சு."

"ம்."

"இப்பதான்ணே ஒண்ணு மாட்டுனேன். நீங்க சொன்ன மாதிரியேதான், காலப் புடிச்சுக்கிட்டுக் கூடவே நடந்தேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அது என்னையே பாக்குதுண்ணே."

"பாக்கும் தங்கச்சி," என்றேன். "திரை வரைக்கும் கைய விட்றாத."